சேம அச்சு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் நினைவுகூரத் தக்கோரின் பட்டியல் வரையும்போது அதில் இடம்பெறுவோர் யாவர் என்பது எல்லோர்க்கும் தெரிந்ததே. புலவர், புரவலர், தலைமையாசிரியர், நூலகம் அமைக்க மனை வழங்கியவர் என்று அது நீளும். அவர்கள் அனைவரும் அதற்கு உரியவர்களே. ஆயினும் தா.பழூர்க் கடைத்தெருவில் மாலை வேளையில் வந்தமரும் முதியவர்களுள், முப்பது, நாற்பது ஆண்டுக்காலம் லாரி ஓட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் மறைந்தால் தெரு முனையில் ஒரு சுவரொட்டி ஒட்டப்படுகிறது. மழை வந்தால் அதுவும் போய்விடுகிறது. இவ்வுரை அத்தகைய ஓட்டுநரின் வாழ்க்கையைப் பற்றியது. ஒருவர் வாழ்வு போல இங்குச் சொல்லப்படினும் அது ஒருவருடையதன்று. இவ்வட்டாரத்து ஊர்கள் பலவற்றில் வாழ்ந்தவர்க்கும் வாழ்பவர்க்கும் பொதுவாய் அமைந்தது. பெயர் சுட்டாமைக்குக் காரணம் அதுவே.

அவர் ஓட்டிய வண்டியைச் ‘சரக்குந்து’ என்று எழுதுவதே தமிழாசிரியர்க்கு முறை. நல்ல சொல்தான். ஆனால் அவர் ஒருநாளும் சரக்குந்து ஓட்டவில்லை, லாரிதான் ஓட்டினார். அவர் வாழ்க்கையைப் பேசும்போது அவர் சொல்லையே கையாள்வது மரியாதை. மேலும், சரக்கு வண்டிக்காரனைப் பாடுவதற்குத் தமிழில் முன்மாதிரி இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய முன்மாதிரியே இருக்கிறது.

சங்க நூல்களில் வரும் உமணர், நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர்கள். வரிசையாய்ச் செல்லும் அவர்தம் வண்டிகளுக்கு ‘ஒழுகை’ என்று பெயர். பாரியின் பறம்பு வீழ்ந்தபின், அவன் மகளிர் குப்பை மேட்டின்மீது ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த காட்சியைக் கபிலர் புறநானூற்று 116ஆம் பாட்டில் காட்டுகிறார். வேந்தர் மூவரின் குதிரைகளை எண்ணிய கண்கள் பின்னர் வண்டிகளை எண்ணின என்பது அப்பாட்டின் துயரம். அத்துயரத்துக்கு நடுவே, அந்த வண்டிகள் எந்தச் சலனமுமின்றித் தம் வழியே போய்க்கொண்டிருந்தன என்பதும் கருதத்தக்கது. அரசு வீழ்ந்தாலும் உப்பு ஊர்போய்ச் சேரவேண்டும் அன்றோ?

இதனினும் சிறந்த சான்று ஔவையாருடையது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 102ஆம் பாட்டில், நுகத்துக்குப் பழகாத இளைய எருதுகளையும், வண்டி நிறைந்த பாரத்தையும், பள்ளமும் மேடுமான வழியையும் சொல்லி, எது நேருமோ என்ற அச்சத்தால் உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைச் சேர்த்துக் கட்டியிருப்பதை எடுத்துக்காட்டுகிறார். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். இளவரசன் அத்தகைய சேம அச்சுப் போன்றவன் என்பது புகழுரை. அரசகுமாரனைப் புகழ்வதற்குச் சிங்கத்தையோ மலையையோ நாடாமல், வண்டிக்காரன் முன்யோசனையோடு கட்டிவைத்த ஒரு மரத்துண்டை நாடிய புலமை வியப்புக்குரியது. வண்டித் தொழிலின் உள்ளறிவு தெரியாதவர்க்கு அவ்வுவமை கிட்டியிராது. ஔவையார் எங்கோ ஒரு வழியில் நின்று உமணரோடு பேசியிருத்தல் வேண்டும்.

இன்றைய லாரியில் அந்த இடத்தில் இருப்பது ஸ்டெப்னி. தமிழ்நாட்டில் சைக்கிள் கடைக்காரர் வரை வழங்கும் இச்சொல், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்னும் ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்ற நிறுவனம் தெருவின் பெயரையே சரக்குக்கும் இட்டது. ஒரு தெருப்பெயர் உலகம் சுற்றித் தா.பழூர் வந்து சேர்ந்த கதையைச் சொல்லாராய்ச்சியாளர் சுவைப்பர். ‘சேம அச்சு’ மட்டும் உரைநூல்களிலேயே தங்கிவிட்டது.

இனி, இவர் வாழ்ந்த நிலத்துக்கு வருவோம். தா.பழூர் வட்டாரம் இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடம். தெற்கே கொள்ளிடக்கரையும் வாய்க்கால் பாசனமும் நெல்லும் கரும்பும்; வடக்கே செயங்கொண்டம் நோக்கிச் செல்லச் செல்லச் செம்மண் மேடும் முந்திரியும். மேட்டு நிலத்தில் பிறந்த இளைஞனுக்கு மழையை நம்பிய கொல்லைக்காடு ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. அவனுக்கு அடுத்த வாசலாக அமைந்தது அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். டால்மியாபுரத்தில் 1939இல் தொடங்கிய சிமெண்ட் தொழில், அரியலூரில் 1979இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை எழுந்தபின் இப்பகுதியில் வேரூன்றியது. பின்னர்த் தனியார் ஆலைகள் பல வந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல், ஆலையிலிருந்து ஊர்களுக்கு மூட்டை என்று லாரிகளுக்கு ஓயாத வேலை கிடைத்தது.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது நிலவியலார் நெடுங்காலமாக எழுதிவரும் செய்தி. கிரெட்டேசியக் காலத்தில் இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் சிப்பியும் நத்தையும் சுருள் ஓட்டு அமோனைட்டும் படிந்து இறுகியதே இச்சுண்ணாம்புப் பாறை. சாத்தனூர்க் கல்மரமும் அக்காலத்துச் சான்றே. உமணர் கடலோரத்து உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றார்கள். இவரோ உள்நாட்டிலே உறைந்துபோன ஒரு கடலையே சிறிது சிறிதாய் ஏற்றிச் சென்றார். அவர் அப்படி நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். டயர் தாங்குமா, தார்ப்பாய் கிழிசல் வழியே நீர் இறங்கி சிமெண்ட் மூட்டை கட்டிப்போகுமா என்பவையே அவர் நினைவை நிறைத்திருக்கும்.

தொழில் கற்ற முறையும் சொல்லத்தக்கது. ஓட்டுநர் எவரும் ஓட்டுநராகப் பிறப்பதில்லை, கிளீனராகத்தான் பிறக்கிறார். பதினைந்து, பதினாறு வயதில் ஏறி, கண்ணாடி துடைத்து, ஜாக்கி வைத்து, மேடேறும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டு, இரவில் ஓட்டுநர் கண் அயராமல் பேச்சுக்கொடுத்து, சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆளில்லாச் சாலையில் ஸ்டியரிங் கைக்கு வருகிறது. குருகுலம் என்று ஏடுகளில் படிப்பது இதுதான். டாடா நிறுவனம் ஜெர்மானிய பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1954 முதல் செய்த லாரி, அக்கூட்டு 1969இல் முடிந்தபின்பும் ஓட்டுநர் வாயில் ‘பென்ஸ் வண்டி’ என்றே வழங்கியது. எண்ணூரில் உருவான அசோக் லேலண்டு அதற்குப் போட்டி. எந்த வண்டி உயர்ந்தது என்ற வழக்கு, கம்பனா இளங்கோவா என்ற வழக்கைப்போல் தேநீர்க் கடைகளில் தீராமல் நடந்தது, இன்னும் முடிந்தபாடில்லை.

நெடுந்தூரம் போகும் ‘லைன் வண்டி’யில் ஏறியபின் அவர் வாழ்வு பாலைத் திணைக்கு மாறியது. தொல்காப்பியர் சொல்லும் பொருள்வயிற் பிரிவு இதுவே. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ லோடு இறக்கியபின் திரும்பி வருவதற்குச் சரக்குக் கிடைக்கவேண்டும். வெறும் வண்டியாய்த் திரும்பினால் டீசலுக்கும் கட்டாது. எனவே லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் நான்கு நாளும் ஐந்து நாளும் காத்திருக்க நேரும். புறப்பட்ட நாளைச் சொல்லலாம். வரும் நாளைச் சொல்ல இயலாது. திருக்குறளின் 1261ஆம் பாவில், தலைவன் பிரிந்த நாளைச் சுவரில் குறித்து எண்ணியெண்ணி விரல் தேய்ந்த தலைவி வருகிறாள். தா.பழூர்ப் பக்கத்து வீடுகளில் மாத நாட்காட்டித் தாளில் பென்சிலால் போடப்பட்ட வட்டங்கள் அந்தக் கோடுகளின் வழித்தோன்றல்கள். செல்பேசி பரவுவதற்கு முன்னர், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு வரும் ஓர் அழைப்பே தூது.

இங்கே உமணரோடு ஒரு வேறுபாடு புலனாகிறது. அது பெரிய வேறுபாடு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தீட்டும் உமணர் வண்டியில் காடி வைத்த பானை தொங்குகிறது. கைக்குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டி வருகிறாள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் பிள்ளைகளும் ஒழுகையோடு வருகிறார்கள். குடும்பமே சாலையில் இருந்தது. லாரிக்காரருக்கு அது வாய்க்கவில்லை. அவர் குடும்பம் வண்டியில் ஏறியது எழுத்து வடிவில்தான். முகப்புக் கண்ணாடிக்கு மேலே மகள் பெயர், மகன் பெயர். வண்டி தம்முடையதன்று என்றால் உட்புறத்தில் ஓர் ஓரமாகச் சிறிய எழுத்தில். பெயிண்டர் எழுதிய அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே அவர் விந்தியத்தைக் கடந்தார்.

குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் என்று அவர் படம் இருந்தது. மாதத்தில் இருபது நாளுக்கு மேல் வீட்டில் இல்லாத ஒருவர் தலைவர் என்பது ஏட்டுச் செய்தி. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வண்டி பிடித்துச் செயங்கொண்டம் மருத்துவமனைக்கு ஓடியவர், பள்ளியில் கையெழுத்திட்டவர், கொல்லையில் முந்திரி பொறுக்கியவர், அவர் அனுப்பிய பணம் வராத மாதத்தில் தோட்டை அடகு வைத்து மீட்டவர் மனைவியே. அவரை இல்லாள் என்று மட்டும் சொல்வது போதாது. ஔவையாரின் உவமை உண்மையில் யாருக்குப் பொருந்துகிறது என்று கேட்டால், வண்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கட்டப்பட்டிருந்து, அச்சு முறிந்தபோதெல்லாம் பாரம் தாங்கியவர் அவர்தாம்.

ஓட்டுநரின் நேர்மைக்கு உரைகல் இறக்கச் சாலை. தருமபுரிக்கு அருகிலுள்ள தொப்பூர் கணவாயில் லாரி விபத்துகள் மிகுதி. இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும். ஆனால் என்ஜினின் பிடி விட்டுப்போய், முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டி வரும். பிரேக் சூடேறினால் அதன் பிடியும் தளரும். அதன்பின் முன்னால் போகிறவர் உயிர் யார் கையிலும் இல்லை. மேடேறிய அதே கியரில் இறங்கவேண்டும் என்பது பழைய ஓட்டுநர் வாய்மொழியாகக் கொடுத்துவந்த பாடம். கையில் மிஞ்சும் சில நூறு ரூபாய்க்கும் அந்தப் பாடத்துக்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வு நடக்கிறது. பார்ப்பவர் எவரும் இல்லை. நாற்பதாண்டு ஓட்டியும் உயிரிழப்பு நேராதவர் என்று ஒருவரைப் பற்றி ஊரார் சொன்னால், அச்சொல்லை எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது. அதனைக் கல்வெட்டில் பொறிக்கலாம்.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. நடைக் கணக்கில் கூலி பெறும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வேகத்தாலும், மிகுபாரத்தாலும், புழுதியாலும் இவ்வட்டாரத்து ஊர்கள் பட்ட துன்பம் மெய். சாலையில் பிள்ளையை இழந்த தாய்க்கு லாரி ஓட்டுநரைப் போற்றும் உரை கசக்கும், கசக்கவே செய்யும். ஆனால் இன்னொரு நடைக்காக ஓடும் ஓட்டம் ஓட்டுநரின் ஆசையில் மட்டும் பிறப்பதன்று. கூலி கணக்கிடும் முறையிலும் பிறக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களில் ஒப்புதலோடு 10 மணியும் 54 மணியும் வரை போகலாம் என்றது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து தொழிலாளர்க்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒரு வண்டி, இரு வண்டி வைத்திருந்த உரிமையாளரிடம் வேலை பார்த்த ஓட்டுநருக்கு அச்சட்டம் பக்கத்து ஊரில் பெய்த மழை.

2024 சனவரித் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரிகள் நின்றதை அவையோர் நினைவுகூரலாம். விபத்து நிகழ்த்திவிட்டுத் தெரிவிக்காமல் அகன்றால் பத்தாண்டு வரை சிறை என்னும் புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்த வேலைநிறுத்தம் அது. அடிபட்டவரை விட்டு ஓடுதல் கொடுமை என்பதில் இருகருத்து இல்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்னும் ஓட்டுநரின் அச்சத்திலும் பொய் இல்லை. அந்த ஆண்டு சூலை முதல் நாளில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. இரு அறங்கள் மோதும் இடம் இது. காப்பியம் எழுத விரும்புவோர்க்கு இதைவிட வேறு களம் வேண்டுவதில்லை.

அவரை வருத்திய இன்னொன்று சட்டத்தில் இல்லை. ஊர் வாயில் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. 1994இல் தமிழ்நாட்டில் எய்ட்சு கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தபின் விழிப்புணர்வுப் பணி நெடுஞ்சாலைகளில் மும்முரமாக நடந்தது. பல உயிர்களைக் காத்த பணி அது. ஆனால் சுவரொட்டியிலும் தெருக்கூத்திலும் லாரி ஓட்டுநரே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதால், நோயோடு தொழிலின் பெயரும் ஒட்டிக்கொண்டது. பெண் கேட்டு வந்தவர் ‘அப்பா என்ன வேலை’ என்று கேட்டு, விடை பெற்றபின் சற்றே மௌனம் காத்த வீடுகள் உண்டு. ஒரு மனைவியோடும் ஒரு சொல்லோடும் வாழ்ந்து, கிடைத்த படியையெல்லாம் முடிந்து கொண்டுவந்து வீட்டில் வைத்த மனிதருக்கு அந்த மௌனம் எவ்வளவு கூரியது என்பதைப் பாடத் தமிழில் இன்னும் ஒரு கவிதை எழுதப்படவில்லை எனலாம்.

புனைகதை ஓரளவு கடனைத் தீர்த்திருக்கிறது. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில் ஹென்றி ஊருக்கு வந்து சேர்வதே துரைக்கண்ணுவின் லாரியில்தான். துரைக்கண்ணு உரத்துப் பேசுபவர்; முன்கோபி; பெரிய குடும்பத்தைத் தாங்குபவர். சொத்துரிமையால் பகை மூளவேண்டிய இடத்தில் அவரிடம் வெளிப்படும் பெருந்தன்மை அந்நாவலின் உயிர்நிலைகளுள் ஒன்று. திறனாய்வாளர் ஹென்றியைப் பற்றி எழுதிக் குவித்த அளவுக்குத் துரைக்கண்ணுவைப் பற்றி எழுதவில்லை. அண்மைக்காலத்தில், விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் உழைத்த அனுபவத்தைக் கொண்டு ‘நெடுஞ்சாலை’ என்னும் நாவலைப் படைத்தார். பேருந்துத் தொழிலாளர்க்கு அது வாய்த்தது. லாரிக்கு அத்தகைய முழு நாவல் வாய்க்கவேண்டியிருக்கிறது.

‘ஓய்வுபெற்ற ஓட்டுநர்’ என்னும் தொடரிலும் ஒரு பிழை இருக்கிறது. அரசுப் பேருந்து ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஒரு நாள், ஒரு மாலை, ஓர் ஆணை உண்டு. லாரி ஓட்டுநர் ஓய்வு பெறுவதில்லை, நின்றுபோகிறார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அவர் உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்கவேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஐந்தாண்டு ஆக்கியது. ஒரு முறை கண் இடறுகிறது. எதிர்வரும் வண்டியின் விளக்கொளி பூப்போல் விரிகிறது. அன்றோடு சரி. இருபது பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்புநிதி கட்டாயமில்லை. ஆதலின் அவர் கையில் எதுவும் இல்லை. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியத்தில் பதிந்து, பதிவைத் தவறாமல் புதுப்பித்து வந்தவர்க்கு அறுபது வயதுக்குமேல் சிறு ஓய்வூதியம் உண்டு. பதிந்துகொள்ளவேண்டிய ஆண்டுகளில் அவர் மாநில எல்லைச் சோதனைச் சாவடி ஏதோ ஒன்றில் வரிசையில் நின்றிருந்தார் என்பதே பலர் கதை.

இவ்வூரிலிருந்து சில கல் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும் அவரவர் வீட்டு எண்ணோடு குறிக்கிறது. அந்த நுட்பம் வணங்கத்தக்கது. ஆயினும் அவன் மகன் எழுப்பிய இக்கோயிலுக்குக் கல் ஏற்றி வந்த வண்டிக்காரர் பெயர்களை எந்தச் சுவரும் சொல்லவில்லை. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டிய நாட்டில், சாலையோரம் மாண்ட ஓட்டுநருக்குப் புளியமரத்தில் ஒரு காய்ந்த மாலை தொங்குகிறது.

ஆதலின் கவிஞர்களிடம் கேட்பது ஒன்றே. கண்மணி குணசேகரன் தனியொருவராய் முயன்று நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்ததுபோல, இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஓட்டுநர் சொற்களைத் தொகுக்கத் தொடங்கலாம். வண்டி நொடித்தல், பாரம் சாய்தல், கயிறு கட்டும் முடிச்சுகளின் பெயர்கள், ஒருவர்க்கொருவர் விளக்கை அணைத்து ஏற்றிச் சொல்லும் குறிப்புகள், எந்தக் கணவாய்க்கு எந்தக் கியர் என்னும் வாய்பாடுகள் ஆகிய யாவும் சிலர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களுக்கு எழுபது கடந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குமேல் கடைத்தெருத் தேநீர்க் கடை விசுப்பலகையில் இருப்பார்கள். மதனத்தூர்ப் பாலத்துப் பக்கமிருந்து வரும் வண்டி எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்பதைத் திரும்பிப் பாராமல் ஒலியை வைத்தே சொல்வார்கள். கேட்கப் போகிறவர்கள் அவர்தம் மனைவியரையும் தனியே சந்திக்கவேண்டும். அவர்களிடம் உள்ள சொற்கள் வேறு.